பன்னிரண்டு மணி வரை மௌனம்

…இல்லை, இதுவும் அது இல்லை, மதிய உணவுக்கு என்ன சூப் என்று சொல்லும் கேன்டீன் மின்னஞ்சல், இதற்குப் போய் நெஞ்சு இப்படி அடித்துக்கொள்வானேன், உக்னே தேநீரை எடுத்தாள், ஆறிப்போயிருந்தது, திரும்ப வைத்தாள். மணி பத்தே முக்கால். இன்னும் ஒன்றேகால் மணி நேரம். இருபத்தேழு நாடுகளில் ஒரே ஒரு நாடு, எங்களுக்குச் சம்மதமில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும், ஆறு மாத உழைப்பு மண்ணாய்ப் போகும். யாரும் எழுதாவிட்டால் எல்லோருக்கும் சம்மதம் என்று பொருள். பிரஸ்ஸல்ஸில் இது ஒரு வழக்கம், எல்லாரும் பேசிக் களைத்த பிறகு கையைத் தூக்கச் சொல்வதில்லை, ஒரு நேரத்தைக் குறித்துக் கொடுத்துவிட்டு, அதுவரை வாய் திறக்காமல் இருப்பவர்களை ஒப்புக்கொண்டவர்களாக எடுத்துக்கொள்வார்கள். இன்று பகல் பன்னிரண்டு என்று குறித்தவள் அவளேதான். பத்து என்று போட்டிருந்தால் இந்நேரம் முடிந்திருக்குமே, யார் உன்னைப் பன்னிரண்டு என்று போடச் சொன்னது?

ஆறு மாதத்துக்கு ஒரு நாடாக மாறி மாறி வரும் தலைமையில், லித்துவேனியாவின் முறை முடிய இன்னும் ஒன்பதே நாள். அதற்குப் பிறகு இவள் உட்காரும் தலைவர் நாற்காலி அடுத்த நாட்டுக்குப் போய்விடும், அவர்கள் இப்போதே வந்து மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள், திரும்ப நம் முறை வருவதற்குள் இவளுக்குத் தலை நரைத்துவிடும். நாற்காலியில் உட்காரும்போது சொந்த நாட்டை வாசலிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும், லித்துவேனியா என்று எழுதிய பலகைக்குப் பின்னால் வைதோதாஸ் உட்காருவான், நாட்டுக்காகப் பேசுவது அவன் வேலை, இவள் யாருக்காகவும் பேசக் கூடாது. முதல் கூட்டத்தில் வாய் தவறி "எங்க நாட்டுல" என்று ஆரம்பித்துவிட்டாள், மேஜை முழுக்கச் சிரித்தது, காது மடல் வரை சூடேறியது இன்னும் நினைவிருக்கிறது. அதன் பிறகு ஒரு முறைகூடத் தவறவில்லை. நல்ல தலைவர், நடுநிலை தவறாதவர் என்று டேனிஷ்காரர் எல்லோர் முன்பும் சொன்னார், அன்று ராத்திரி அம்மாவிடம் போனில் அதை இரண்டு தடவை சொன்னாள், சின்னப் பிள்ளை மாதிரி.

சட்டம் லாரி ஓட்டுநர்களுக்கானது. அதில் ஒரு வரி, ஒரே வரி, சரக்கை ஏற்றவோ இறக்கவோ கிடங்கு வாசலில் காத்துக் கிடக்கும் நேரமும் வேலை நேரமே. பதினாறு கூட்டம் அந்த ஒரு வரிக்காக. பாதி நாடுகள் அது இருந்தால் சம்மதிக்க மாட்டோம் என்றன. மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு திங்கட்கிழமை, இவள் அந்த வரியைச் சட்டத்துக்குள்ளிருந்து எடுத்து முகவுரையில் வைத்தாள். முகவுரை யாரையும் கட்டுப்படுத்தாது, அழகாக இருக்கும், அவ்வளவுதான். எல்லோரும் மூச்சு விட்டார்கள். வைதோதாஸ் மட்டும் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். எத்தனை நல்லது மிச்சம் இருக்கிறது அந்தச் சட்டத்தில், வண்டி நிறுத்துமிடத்தில் கழிப்பறை, குளியலறை, வெளிச்சம்… ஒரு வரிக்காக எல்லாவற்றையும் இழப்பதா? கேட்டால் யாரும் இவளைத்தான் சரி என்பார்கள். யாரிடம் கேட்டாய்?

பதினொன்றுக்குச் சரியாகப் போன் அடித்தது, அண்ணன் கெஸ்தாஸ்.

"தலைவியம்மா, பேசலாமா, இல்ல நாடுங்களுக்குப் பஞ்சாயத்து பண்ணிட்டிருக்கியா?"

"எங்கண்ணா இருக்கே?"

"ஆண்ட்வெர்ப் பக்கம், ஒரு கிடங்கு வாசல்ல. காலையில நாலு மணிக்கு வந்தேன், இன்னும் கூப்பிடல. எப்ப வேணா கூப்பிடுவாங்களாம், கண்ண மூட முடியல. ஆனா வண்டியில இருக்கிற மிஷின்ல ஓய்வுன்னுதான் பதிவாகுது. நீ நாற்காலியில உக்காந்தா வேலை, நான் சீட்டுல உக்காந்தா ஓய்வா, இது எந்த ஊரு நியாயம்?" அவனே சிரித்துக்கொண்டான். "நம்மூரு வண்டி அஞ்சு இங்க நிக்குது. என் தங்கச்சிதான் அங்க தலைமைன்னு சொல்லிட்டேன், ஒருத்தனும் நம்பல. இன்னிக்குத் தெரிஞ்சிடும்ல? பன்னெண்டு அடிச்சதும் கூப்பிடறேன்."

சரிண்ணா என்றாள், வேறென்ன சொல்வது. போன வருஷம் பிப்ரவரியில் இப்படித்தான் ஒன்பது மணி நேரம் காத்திருந்து, ஓய்வு என்று பதிவாகி, அதன் பிறகு ஓட்டிப் போய், போலந்துச் சாலையில் கண் அயர்ந்து பள்ளத்தில் இறங்கினான். தோள் எலும்பு முறிந்தது. ஓய்வெடுத்துவிட்டுத்தானே ஓட்டினீர்கள் என்று விசாரித்தவர்கள் கேட்டார்களாம், அதை அவன் ஜோக்காகத்தான் சொன்னான், அண்ணி சிரிக்கவில்லை. அந்த வரிக்காக முதல் கூட்டத்தில் இவள் எவ்வளவு வேகமாக இருந்தாள்… வரி நகர்ந்ததை அவனிடம் சொல்லவில்லை. கேட்கவில்லையே, அவன் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். சொல்லியிருப்பாளா?

கதவைத் தட்டிவிட்டு வைதோதாஸ் உள்ளே வந்தான், வந்ததும் கதவைச் சாத்தினான்.

"வில்னியஸ்ல, நம்ம அமைச்சகத்துல இருந்து தகவல். அமைச்சர் காலையில மனசு மாறிட்டார். அந்த வரியத் திரும்ப உள்ள வைக்கணும், இல்லன்னா மறுப்புன்னு எழுதச் சொல்லிட்டாராம். கடிதம் கையெழுத்துக்குப் போயிருக்கு. அதுக்குள்ள அங்க பன்னெண்டு அடிச்சிடுச்சு."

"அங்க பன்னெண்டு…"

"இங்க பதினொண்ணு. ஆமா. கெடு முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சு விட்டுட்டாங்க. லேட்டாயிடுச்சு, போகட்டும்னு எழுதியிருக்காங்க." அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். "இன்னும் நாப்பத்தெட்டு நிமிஷம் இருக்கு. நான் கூப்பிட்டுச் சொல்லட்டுமா?"

பகல் பன்னிரண்டு என்று மட்டும்தான் எழுதியிருந்தாள், எந்த ஊர்ப் பன்னிரண்டு என்று எழுதவில்லை, இங்கே யாரும் எழுதுவதில்லை, இந்த ஊர்க் கடிகாரம்தான் உலகம் முழுக்க ஓடுகிறது என்று நினைப்பு. கூப்பிடு என்று சொன்னால், தான் கட்டிய வீட்டைத் தானே இடித்தவள், சொந்த நாட்டையே அடக்கத் தெரியாத தலைவி என்று ஊர் சிரிக்கும். கூப்பிடாதே என்றால் அது… அதற்குப் பெயர் என்ன? எதைச் சொன்னாலும் தலைவி தன் நாட்டுக்கு உத்தரவு போட்டதாகும், போடக் கூடாது, விதி இருக்கிறது, நல்லவேளை விதி இருக்கிறது. மேஜை மேலிருந்த தாள்களை அடுக்கினாள், முனைகளைச் சரி செய்தாள், திரும்பவும் சரி செய்தாள். அவன் நின்றுகொண்டே இருந்தான்.

"சரி, புரிஞ்சுது" என்று சொல்லிவிட்டு மெதுவாகப் போய்விட்டான். என்ன புரிந்தது அவனுக்கு? நான் ஒன்றுமே சொல்லவில்லையே.

பதினொன்று இருபத்தைந்து. அவன் அறை ஆறு கதவு தள்ளித்தான், எழுந்து போனால் அரை நிமிடம். எழுந்தாள், ஜன்னலைத் திறந்தாள், உட்கார்ந்தாள். கூப்பிட்டிருப்பான், அவன் கடமை தெரிந்தவன், என்னிடம் கேட்டதே தப்பு, கேட்காமல் கூப்பிட்டிருக்க வேண்டும். இந்தச் சட்டம் இன்று விழுந்தால் அடுத்து வருகிறவர்கள் இதைத் தூக்கி எங்கேயோ போட்டுவிடுவார்கள், கழிப்பறையும் போகும், வெளிச்சமும் போகும்… பதினொன்று நாற்பத்தொன்றுக்குத் திரையில் போர்ச்சுக்கல் என்று வந்தது. திறந்தாள். கூட்டத்தில் கொடுத்தீர்களே, அந்த லினன் துண்டு, இன்னொன்று கிடைக்குமா, மனைவிக்குப் பிடித்துவிட்டது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள், சாய்ந்த பிறகுதான் தெரிந்தது, உள்ளே அப்பாடா எதுவும் இல்லை, யாரோ வருவதாகச் சொல்லி வராமல் போனது போல இருந்தது. அதைக் கவனிக்காத மாதிரி, கிடைக்கும் என்று பதில் எழுதினாள்.

ஐம்பது. ஐம்பத்தைந்து. வராந்தாவில் காலடி, வைதோதாஸா, இல்லை, காபி இயந்திரத்துக்குப் போகிறார்கள். ஐம்பத்தெட்டு. எழுதேன், யாராவது எழுதுங்களேன்… யார் இதை நினைத்தது? நான்தானா?

பன்னிரண்டு. முதலிலேயே எழுதி வைத்திருந்த கடிதத்தை அனுப்பினாள், மௌனம் கலைக்கப்படவில்லை, ஒப்புதல் பெறப்பட்டது, அனைவருக்கும் நன்றி. வாழ்த்துகள் வந்து விழ ஆரம்பித்தன, பிரமாதம், அருமை, ஒரு கட்டைவிரல் படம், ஒரு பூங்கொத்துப் படம். இருபத்தேழு நாடுகள் பேசாமல் இருந்ததை எண்ணிவிட்டார்கள். இருபத்தெட்டாவதாக ஒருத்தி பேசாமல் இருந்தாளே, அதை யார் எண்ணுவது? கண்ணைத் துடைத்து மூக்கை உறிஞ்சினாள். அப்போதுதான் போன் அடித்தது.

"என்னம்மா ஆச்சு? நம்ம வரி இருக்கா?"

முகவுரையில் இருக்கிறது என்று சொல்லலாம், அது பொய்யும் இல்லை. வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

"உக்னே? ஏய், பேச்சையே காணோம்… அழறியா?" அவன் குரல் வேறு பக்கம் திரும்பியது. "அழறாடா, சந்தோஷத்துல பேச்சு வரல. இருக்குதாம்டா, வரி இருக்குதாம்!"

ஒரு ஹாரன் அடித்தது, பிறகு இன்னொன்று, பிறகு ஐந்தும் சேர்ந்து. "கேக்குதா உக்னே? உனக்குத்தான்!" என்று கத்தினான் அண்ணன், அத்தனை சத்தத்திலும் அவன் சிரிப்புத் தனியாகக் கேட்டது. இல்லை என்று சொல்ல இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று சுவரைப் பார்த்தாள், முள் ஓடிக்கொண்டிருந்தது, இதற்கு யாரும் கெடு குறித்திருக்கவில்லை.