அக்காவின் ஃப்ரீவீல்

வீட்டில் அவனுக்குப் பேர் ஸ்பானர். எதைக் கண்டாலும் கழற்றிப் பார்ப்பான்; திரும்ப மாட்டும்போது ஒரு திருகாணியாவது கையில் மிஞ்சும். அப்படிப்பட்டவன், சைக்கிள் ஓட்டத்துக்கு முதல் நாள் சாயங்காலம் அக்கா அசந்து தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில், அவள் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டு, பின்சக்கரத்தைக் கழற்றி, ஃப்ரீவீலைப் பிரித்து, டப்பாவில் இருந்த கெட்டி கிரீஸ் அத்தனையையும் விரலால் வழித்து உள்ளே அப்பினான். பாசம்தான், வேறென்ன.

அக்காவுக்கு ரொட்டி ஃபாக்டரியில் அடுப்பு வரிசையில் வேலை. "நாள் முழுக்க அனல்ல நிக்கறவளுக்குக் குளிருன்னா லீவு மாதிரிடா" என்பாள். குளிர்காலத்தில் ஊருக்கு வெளியே, வயலும் காடுமாகப் போகும் சரளைக்கல் பாதையில் வருஷா வருஷம் நடக்கிற அந்தச் சைக்கிள் ஓட்டத்தில் அவளுக்குப் பரிசெல்லாம் வேண்டாம். கடைசிவரை மிதித்துப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும், எல்லாருக்கும் பின்னால் ஊர்ந்து வந்து முடியாதவர்களை அள்ளிப் போட்டுக்கொள்கிற வேனில்தான் வந்து இறங்கினாள். அன்றிலிருந்து மாமாவுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, நல்ல தீனி. "எங்க வீட்டம்மா சைக்கிள்ல போவாங்க, வேன்ல வருவாங்க" என்று அவர் சொல்லாத ஆள் பாக்கியில்லை. அக்காவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். சிரித்துவிட்டு, ஷிஃப்ட் முடிந்ததும் நேரே வீட்டுக்கு வராமல் மேட்டுப் பாதையைச் சுற்றிக்கொண்டு வருவாள். இந்த வருஷம் முழுக்க அப்படித்தான் வந்தாள்.

பலன் தெரிந்தது. ஓட்டத்தன்று பாதித் தூரம் தாண்டியும் வேன் கண்ணில் படவில்லை. பள்ளத்தில் தேங்கிய தண்ணீர் கண்ணாடியாய் உறைந்து கிடந்தது. அதன்மேல் அக்காவின் டயர் ஏறி நொறுக்கிக்கொண்டு போனது. ஸ்பானர் தன் சைக்கிளில் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்தான்.

"என்னடா, மூச்சு வாங்குது? வேன வரச் சொல்லவா?"

"நீ ரோட்டப் பாருக்கா."

பெரிய மேடு தொடங்கியது. அக்கா எழுந்து நின்று ஒரு அழுத்து அழுத்தினாள். கால் சர்ரென்று காற்றில் சுற்றியது. சைக்கிள் நின்றுவிட்டது.

"செயின் கழண்டுடுச்சா பாரு."

செயின் ஒழுங்காகத்தான் இருந்தது. ஸ்பானர் பின்சக்கரத்தைத் தூக்கி, பெடலைக் கையால் சுற்றினான். செயின் ஓடியது, பல்சக்கரம் ஓடியது, டயர் மட்டும் சும்மா இருந்தது. ஃப்ரீவீலுக்குள் ஸ்பிரிங் வைத்த சின்னச் சின்னக் கொக்கிகள் உண்டு. அவை எழுந்து கவ்வினால்தான் மிதிப்பது சக்கரத்துக்குப் போய்ச் சேரும். இந்தக் குளிரில் கிரீஸ் பிசினாய் இறுகி, கொக்கிகள் படுத்தது படுத்தபடியே கிடந்தன.

"நேத்து நான் கிரீஸ் வெச்சேன்கா."

"எவ்ளோ?"

"டப்பா."

அக்கா அவனையே பார்த்தாள். "உன்னுதுக்கு?"

"உன்னுதுக்கே தீந்துபோச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதியிலேயே நின்றும்விட்டது.

ஃபிளாஸ்கில் இருந்த டீயைச் சக்கரத்தின் நடுவில் ஊற்றினான். கடந்து போன ஒரு குண்டுப் பெரியவர், "சைக்கிளுக்கே டீயா? எனக்குக் கேக்க ஆளில்லயேப்பா" என்று மூச்சிரைக்கச் சொல்லிவிட்டுப் போனார். டீ வேலை செய்தது. கொக்கி கவ்வியது. அக்கா ஏறி மிதித்தாள், வளைவுவரை போனாள், மறுபடி கால் காற்றில் சுற்றியது. ஃபிளாஸ்கில் இனி ஒரு சொட்டு இல்லை. ஸ்பானர் கையுறையைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் சக்கரத்தின் நடுவைப் பொத்திக்கொண்டு ஊதினான். விரல்தான் மரத்துப்போனது.

"என் சைக்கிள எடுத்துக்கோ."

சீட்டை அடிமட்டம்வரை இறக்கினான். அப்படியும் அக்காவுக்குப் பெருவிரல் நுனிதான் பெடலில் பட்டது. பத்தடி போவதற்குள் சரளையில் சாய்ந்து விழுந்தாள். அவளை அவள் சைக்கிளிலேயே உட்காரவைத்து முதுகில் கை கொடுத்துத் தள்ளிப் பார்த்தான். பனிக்கட்டியில் வழுக்கி இரண்டு பேருமே விழுந்தார்கள். முழங்கால் பேன்ட்டில் ஈரம் ஊறியது.

கீழே வளைவில் வேனின் மஞ்சள் விளக்கு சுழன்றது.

அக்கா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேட்டில் ஓட ஆரம்பித்தாள்.

"ஓடாதக்கா, வழுக்கும்."

"பேசாம வாடா."

வேன் அவசரமே இல்லாமல் வந்து பக்கத்தில் நின்றது. டிரைவர் தலையை நீட்டினார். "ஏறிக்கோங்கம்மா."

"இந்த மேட்டத் தாண்டிட்டா எறக்கம்தாண்ணே. உருண்டே போயிடுவேன்."

"அதுக்கப்புறம் ரெண்டு மேடு இருக்கும்மா. இருட்டறதுக்குள்ள பாதைய மூடணும். நானா வெச்ச சட்டம்?"

அக்கா மேட்டைப் பார்த்தாள். சைக்கிள் கைப்பிடியை விடாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு விட்டுவிட்டாள்.

"நானும் ஏறிக்கறேன்" என்றான் ஸ்பானர்.

"நல்லா ஓடற சைக்கிள ஏத்த எடமில்ல தம்பி. உனக்கு நேரமிருக்கு, போ" என்றார் டிரைவர்.

"என்னைத் திட்டுக்கா."

"வேன்ல ஏறினப்புறம் திட்டறேன். இப்ப குளிருது." கதவு சாத்திக்கொண்டது.

அவன் மிதித்தான். வேன் பின்னாலேயே வந்தது. அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது: வேன் எப்போதும் கடைசி ஆள் பின்னால்தான் வரும். இப்போது கடைசி ஆள் அவன்தான். அவன் வேகமாகப் போனால் அக்கா சீக்கிரமே எல்லார் கண் முன்னாலும் வேனிலிருந்து இறங்குவாள். மெதுவாகப் போனால் ஈரத் துணியோடு உள்ளே நடுங்குவாள். இரண்டில் எதைச் செய்தாலும் அவன் காலால்தான் நடக்கும். மேட்டின் நடுவில் அவன் கால் நின்றது. வேனும் நின்றது.

ஜன்னல் கண்ணாடி இறங்கியது.

"டேய், மிதிடா" என்றாள் அக்கா. "இங்க அஞ்சு பேரு வெறச்சுப்போய் உக்காந்திருக்கோம்."

மிதித்தான். அவன் சைக்கிளில் கொக்கி சுத்தமாகக் கவ்வியது.