கதவுக்கு முன்னால் ஒரு நாற்காலி

வாலு என்பது அக்கா வைத்த பெயர். வயது முப்பதைத் தொட்டுவிட்டது, சொந்தமாக ஒரு கம்பெனியும் நடத்துகிறாள். ஆனாலும் வீட்டில் அவள் வாலுதான். அந்தக் கம்பெனியில் முதலாளி, எஞ்சினியர், பெருக்கித் துடைக்கிறவள் எல்லாம் அவளே. உள்ளங்கையில் அடங்கும் சென்சார் பெட்டிகள் செய்கிறாள். வயர் வேண்டாம், சிம் வேண்டாம். ஒரு சின்ன பேட்டரியை வைத்துக்கொண்டு ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குச் செய்தி அனுப்பிவிடும்.

அதன் சாமர்த்தியம் எல்லாம் சோம்பலில்தான் இருக்கிறது. நாள் முழுக்கத் தூங்கும். மணிக்கு ஒரு தடவை விழித்து, உள்ளே எவ்வளவு குளிர் என்று நாலு எழுத்தில் சொல்லும். சொன்ன கையோடு ஓரிரு நொடி காதைத் திறந்து வைத்திருக்கும். அந்த நேரத்தில் நாம் சொல்வதைக் கேட்டுக்கொள்ளும், அதுவும் ஒரே ஒரு செய்தி. பிறகு இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிவிடும். தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் ஏறாது. கிடங்கின் கதவு திறந்தால் மட்டும் திடுக்கிட்டு எழுந்து உடனே குரல் கொடுக்கும், அப்போதும் அதே போல ஒரு செய்தியைக் கேட்டுக்கொள்ளும்.

முதல் பெட்டியை அக்கா வீட்டுக்காரரின் குளிர்பதனக் கிடங்கில் மாட்டியிருந்தாள். 'கை வைக்கவே வேண்டாம் அத்தான், வருஷக்கணக்கில் அது பாட்டுக்கு வேலை பார்க்கும்' என்று அளந்தும் விட்டிருந்தாள். அத்தான் அதை அப்படியே நம்பி, பழ மொத்த வியாபாரம் செய்யும் ஓர் அம்மாவிடம் போய்ப் பெருமை பேசினார். அந்த அம்மாவுக்கு எட்டுக் குளிர் அறைகள். இன்று பதினோரு மணிக்கு நேரில் பார்க்க வருகிறார். அவர் சரி என்றால் வாலுவின் கம்பெனி பிழைக்கும். இல்லையென்றால் மாதக் கடைசியில் பழைய வேலைக்கே திரும்பிப் போக வேண்டியதுதான். அங்கே அவளுக்கு நாற்காலி காத்திருந்தது.

வருகிறவர் முன்னால் எண்கள் சுறுசுறுப்பாக ஓடட்டும் என்று காலையில் அவளுக்கு ஓர் ஆசை. மணிக்கு ஒரு தடவை பேசுவதை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை என்று மாற்ற, 'ஐந்து' என்று அனுப்பினாள். ஒன்பது மணிக்குப் பெட்டி அதை வாங்கிக்கொண்டது. ஐந்து நிமிடம் போயிற்று, சத்தமில்லை. செய்தி போய்ச் சேரவில்லையோ என்று மறுபடியும் 'ஐந்து'. அப்புறமும் 'ஐந்து'. பதற்றத்தில் மேற்கொண்டு ஆறு தடவை தட்டிவிட்டாள். அதற்குப் பிறகுதான் உறைத்தது. பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று, போன மாதம் அந்தக் கணக்கை நிமிடத்திலிருந்து மணிக்கு மாற்றியவளே அவள்தான். நிமிடத்துக்கு என்று தனிக் கட்டளை இருந்தது. பெட்டி இனி பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் வாயைத் திறக்கும்.

சரியான கட்டளையை அனுப்பினாள். அது வரிசையில் ஏழாவதாகப் போய் நின்றது. முன்னால் நிற்கும் ஆறு 'ஐந்து'களையும் அழிக்க ஒரு பொத்தான் வைக்கலாம் என்று நினைத்திருந்தாள், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டும் இருந்தாள். தன்னைத்தானே தலையில் தட்டிக்கொண்டாள்.

இப்போது யாராவது கதவைத் திறக்க வேண்டும், அதுவும் ஏழு தடவை. திறக்க விடாதவர் அத்தான். கதவை ஒரு நிமிடம் கூடுதலாகத் திறந்து வைத்தாலே கிடங்கு அதிரக் கத்துகிறவர். அவரிடம் உண்மையைச் சொல்ல வாலுவுக்கு வாய் வரவில்லை. கிடங்கில் கணக்கு பார்க்கும் அக்காவைப் போனில் பிடித்து, உள்ளே போய் ஆப்பிள் பெட்டிகளை எண்ணிச் சொல் என்றாள்.

"யாரையும் உள்ள விடமாட்டேங்கறாருடி. அந்தம்மா வர்ற வரைக்கும் குளிர் குறையக்கூடாதாம். கதவுக்கு முன்னால நாற்காலி போட்டு உக்காந்திருக்காரு."

நேற்று தன் கையுறையை உள்ளே விட்டுவிட்டதாக அடுத்த புளுகை அவிழ்த்துவிட்டாள். அக்கா கேட்டுவிட்டு வந்து, குளிரில் கையுறை கெட்டுப்போகாது, சாயங்காலம் எடுத்துக்கலாம் என்று அத்தான் சொன்னதாகச் சொன்னாள்.

வேறு வழியில்லை. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டரில் பறந்தாள். நாற்காலியில் கோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்த அத்தானிடம் ஒன்றுவிடாமல் கொட்டித் தீர்த்தாள். திட்டுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அத்தான் கேட்டது ஒன்றுதான்.

"எத்தனை தடவை திறக்கணும்?"

"ஏழு, அத்தான்."

நாற்காலியை நகர்த்தினார். கோட்டை மாட்டிக்கொண்டு கைப்பிடியை இழுத்தார். குளிர் புகை காலடியில் வழிந்தது. திரையில் 'கதவு திறந்தது' என்று ஒரு வரி விழுந்தது, வரிசையில் ஒன்று குறைந்தது. சாத்தினார், மறுபடி திறந்தார். மூன்றாவது தடவை திறந்து நிற்கும்போது பின்னால் ஒரு குரல் கேட்டது.

"என்ன, கதவோட மல்லுக்கட்டுறீங்க?"

வியாபாரியம்மா அரை மணி முன்னதாகவே வந்துவிட்டார்.

"சோதிச்சுப் பார்க்கிறோம்," என்றார் அத்தான், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். வேண்டுமானால் நீங்களும் திறந்து பாருங்கள் என்று கைப்பிடியை விட்டுக்கொடுத்தார். அந்த அம்மாவுக்கு அது பிடித்துப்போயிற்று. திறப்பதும், திரையை எட்டிப் பார்ப்பதும், சாத்துவதுமாக மிச்சத்தை அவரே முடித்தார். பெட்டி பேசுவது ஊரின் மறுகோடியில் வாலுவின் வீட்டுக் கூரையில் இருக்கும் ஓர் ஆன்டெனாக் குச்சியிடம் என்று கேட்டதும் கண்ணை அகல விரித்தார். ஏழாவது தடவையோடு பெட்டி வழிக்கு வந்தது. அப்புறம் ஐந்து நிமிடம் கழித்துத் தானாகவே ஓர் எண்ணைச் சொன்னது. வாலுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால் வியாபாரம் செய்து பழகிய கண் சும்மா இருக்குமா? திரையில் விரல் வைத்து, மணிக்கு மணி வந்த எண் ஒன்பதோடு நின்று பத்து மணிக்கு ஏன் வெறுமையாக இருக்கிறது என்று கேட்டார். அத்தான் சமாளிக்க வாயெடுத்தார். வாலு முந்திக்கொண்டாள்.

"அது என் தப்புங்க. நிமிஷம்னு நினைச்சு மணிக்கணக்குல தூங்க வெச்சுட்டேன். இந்தக் கதவைத் திறந்து மூடினது எல்லாம் அதை எழுப்பத்தான்."

"என் எட்டு ரூமையும் இப்படித் தூங்க வெச்சிருவியாம்மா?"

"இன்னிக்கு வரைக்கும் வெச்சிருப்பேன். இனிமே ஒரு மணி நேரத்துக்கு மேல தூங்கச் சொன்னா, முடியாதுன்னு அதுவே சொல்லும். இந்த வாரத்துக்குள்ள மாத்திடுவேன்."

அந்த அம்மா இன்னொரு தடவை கதவைத் திறந்து சாத்தினார். திரையில் விழுந்த வரியைப் பார்த்தார். தன் ஆட்கள் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு அரட்டை அடிப்பதை யார் காட்டிக்கொடுப்பார்கள் என்று இத்தனை நாள் தேடிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். எட்டும் இப்போது வேண்டாம், முதலில் இரண்டு அறையில் மாட்டு, மாற்றிய பிறகு மாட்டு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

இரண்டு அறை. வாலுவுக்கு அங்கேயே ஒரு குதி குதிக்க வேண்டும் போலிருந்தது. அத்தான் பக்கம் திரும்பப் பயமாகவும் இருந்தது. அவர் குளிரில் சிவந்த விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள இருக்கிறதெல்லாம் அடுத்தவங்க சரக்கு. எனக்காகன்னா ஒரு தடவைகூடத் திறந்திருக்க மாட்டேன்," என்றார். "ஆப்பிளை எண்ணு, கையுறையைத் தேடுன்னு அக்காவை எதுக்கு அலைய விட்டே? நேரா என்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

வாலு மடிக்கணினியை மூடினாள். திட்டுவீங்கன்னு நினைச்சேன் என்று முனகினாள்.

"திட்டுவேன்தான்," என்றார் அத்தான். "திட்டிட்டுத் திறப்பேன்."