பண்ணைக் கதவில் தொங்கிய நோட்டு

சும்மா கிடைக்கிற எதையும் வெர்னா நம்ப மாட்டாள். மொன்டானாவின் அந்தச் சின்ன ஊரில் முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். பின்னால் உட்கார்ந்து பல்லைக் காட்டுகிற முகம் அடுத்து என்ன செய்யும் என்று கண்ணாடியிலேயே பார்த்துப் பழகியவள். அவளிடம் போய்ப் பிஸ்கட்டை நீட்டினால் எடுபடுமா?

மலை சர்க்காருடையது, அதாவது ஊருக்கே சொந்தம். மீன் பிடிக்கலாம், ஹக்கிள்பெரிப் பழம் பறிக்கலாம், இலையுதிர் காலத்தில் எல்க் மான் வேட்டையாடலாம், கூடாரம் போட்டுப் படுக்கலாம். ஏன் என்று கேட்க ஆளில்லை. ஆனால் ஏறுகிற பாதையில் முதல் ஒரு மைல் தனியார் பண்ணைக்குள் போகிறது. அந்தக் கதவு சாத்தியிருக்கும், ஒரு நாளும் பூட்டியிருந்ததில்லை. திறந்து உள்ளே போனதும் மாடு வெளியே வராமல் மறுபடி சாத்திவிட வேண்டும், அவ்வளவுதான் வழக்கம்.

பண்ணையை வெளியூர்ப் பணக்காரர் விட்காம்ப் வாங்கியதும் கதவில் ஒரு பெட்டி முளைத்தது. உள்ளே நோட்டு, பென்சில், ஒரு டப்பா ஓட்ஸ் பிஸ்கட். ‘வாருங்கள்! உங்கள் பாதுகாப்புக்காகப் பெயர் எழுதிவிட்டுச் செல்லுங்கள்.’

“அந்த ஆளுக்கு எதுக்குடா நம்ம பேரு?” என்றாள் தம்பி ஆரினிடம்.

“கரடிகிட்ட மாட்டினா தேட வேணாமா? உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்க்கா. பிஸ்கட்டக் கூட மோந்து பாத்துத்தான் திம்ப.”

“திங்கவே மாட்டேன். ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுததாம்!”

அவள் கையெழுத்துப் போடவில்லை. ஊரே போட்டது. அங்கே கேட்டால் மறுக்கத் தெரியாத மனிதர்கள். மரியாதைக்குக் கையெழுத்து, வாய்க்கு ஒரு பிஸ்கட்.

வெர்னா கவனித்தாள். சனிக்கிழமைதோறும் பண்ணை மேலாளர் நோட்டை மாற்றுவார். பழையதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஏதோ பத்திரம் மாதிரி எடுத்துப் போவார். ஒரு நவம்பரில் மலைக்குப் போன தபால்காரர் பனியில் சிக்கி இரண்டு நாள் கழித்துத் திரும்பினார். நோட்டில் பெயர் இருந்தும் தேடி ஒரு நாய்கூடப் போகவில்லை. அப்படியென்றால் பாதுகாப்பாவது, மண்ணாவது!

நேரே வனத்துறை அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்த மார்னி பெருமூச்சு விட்டாள். “யாரையும் கேக்காம வருஷக்கணக்கா நடந்தா பாதை ஜனங்களோடது வெர்னா. பேரெழுதிட்டுப் போனா அனுமதி கேட்ட மாதிரி. குடுத்தவன் எப்ப வேணா நிறுத்திக்கலாம்.”

வெர்னா ஊரில் வீடு வீடாகச் சொன்னாள். “போ வெர்னா, அந்த மனுஷன் எவ்வளவு தங்கமானவரு,” என்று சிரித்தார்கள்.

ஆறாம் வருஷம் தங்கமானவர் பூட்டுப் போட்டார். மலை அங்கேயேதான் இருந்தது. பார்க்கலாம், போக முடியாது. ஊர் வழக்குப் போட்டது. நோட்டுகள் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக நீதிமன்றத்துக்கு வந்தன.

“நோட்டு வந்தப்புறமும் கேக்காம நடந்தவங்க ஒருத்தராவது வேணும்,” என்றார் ஊர் வக்கீல். “இல்லன்னா காலங்காலமா எல்லாரும் அனுமதியோடதான் போனாங்கன்னு ஆயிடும்.”

ஒருத்தி இருந்தாள். அன்று ஊரே வந்து அவள் கையைக் குலுக்கியது. சாட்சிக் கூண்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, “வாரம் தவறாம போனேன். எவனையும் கேக்கல,” என்றாள்.

விட்காம்பின் வக்கீல் ஒரு நோட்டைப் பிரித்து நீட்டினார். “இது உங்க பேருதானே அம்மா? நூத்திப் பதினொரு தடவை இருக்கு.”

வெர்னா டாலிஃப்சன். அடுத்த பக்கத்திலும் அதே. இடப்பக்கம் சாய்ந்த குண்டு எழுத்து. வருஷா வருஷம் தன் பிறந்தநாள் வாழ்த்து அட்டையில் அவள் பார்க்கிற எழுத்து.

“நான் எழுதல,” என்றாள்.

“அப்ப யாரு?”

மூன்றாம் வரிசையில் ஆரின் எழுந்தான். அறுபது வயதுக்காரன். “நான்தாங்க. நான் கதவச் சாத்தறதுக்குள்ள அக்கா முன்னாடி போயிடும், ரெண்டு பேருக்கும் சேத்து நான்தான் கேட்டு எழுதினேன். அக்கா தனியா மேல ஏறிடும். எங்கயாவது விழுந்து கெடந்தா… யாராவது தேடணுமேன்னு.”

தீர்ப்பு ஒரே வாரத்தில் வந்தது. பூட்டு பூட்டாகவே இருக்கும்.

வண்டியில் திரும்பும்போது அவள்தான் ஓட்டினாள். ஆரின் விசும்பிக்கொண்டே இருந்தான். பாதி வழியில் அவள் ஓரமாக வண்டியை நிறுத்தினாள்.

“ஊரையே சந்தேகப்பட்டேன்டா,” என்றாள். “உன்ன மட்டும் விட்டுட்டேன்.”