நாலாம் கட்டிலில் அப்சர்வேஷன்

மாடிப்படியில் வழுக்கி விழுந்து என் வீட்டுக்காரர் தலையை இடித்துக்கொண்டார். ஸ்கேனில் ஒன்றுமில்லையாம். ஆனாலும் ஒரு நாள் முழுக்க 'அப்சர்வேஷன்' என்று டாக்டர் எழுதிவிட்டுப் போய்விட்டார்.

"அப்படின்னா என்ன சிஸ்டர்?"

"கண்ணும் கருத்துமா பாத்துக்கறதும்மா. உள்ள மெதுவா ரத்தம் கசிஞ்சா இப்பத் தெரியாது. அதான் மணிக்கொரு தடவை பேரு, கிழமை, இது எந்த இடம்னு கேப்போம்."

என் நாத்தனாருக்கு அந்தச் சொல்லே மருந்தாகிவிட்டது. போனில் சொந்தக்காரர்களை ஒவ்வொருவராகப் பிடித்து, "அண்ணன் அப்சர்வேஷன்ல இருக்கு, பயமில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கோ இருப்புக்கொள்ளவில்லை. நான் சட்டைக் கம்பெனியில் செக்கர். ஐந்நூறு சட்டையைத் தாண்டினால் கண் பார்க்காது, கை மட்டும் டிக் போடும். எனக்குத் தெரியாதா?

சிஸ்டர் ஒருத்தி, கட்டில் பன்னிரண்டு. பாவம், அவளும்தான் என்ன செய்வாள்! காலை பத்து மணிக்கு அவள் கேட்டபோது இவர், "ஏம்மா, ஷீட்டுல எழுதியிருக்குல்ல?" என்று எரிந்து விழுந்தார். பதினொன்றுக்கும் அதே சண்டை. பன்னிரண்டுக்கு வெறும் முணுமுணுப்பு.

ஒரு மணிக்குக் கேள்வியை முடிக்கும் முன்பே பேர், கிழமை, இடம் மூன்றையும் கடகடவென்று ஒப்பித்தார். "வெரிகுட்" என்று சிஸ்டர் டிக் போட்டாள்.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் இந்த மனுஷன் ஒரு கேள்விக்காவது ஒழுங்காகப் பதில் சொன்னதுண்டா?

"சிஸ்டர், இவர் சரியில்ல."

"எல்லாம் கரெக்டா சொன்னாரேம்மா."

"அதான் சரியில்லங்கறேன்!"

"சும்மா இருங்க அண்ணி, எல்லாரும் பாக்கறாங்க" என்று நாத்தனார் கையைப் பிடித்து இழுத்தாள். பார்க்கட்டுமே. பார்க்கத்தானே எல்லோரும் இருக்கிறார்கள்!

கையை உதறிவிட்டு அவர் முகத்தருகே குனிந்தேன்.

"நான் எங்க வேலை பாக்கறேன், சொல்லுங்க."

"செவ்வாக்கிழமை" என்றார், வெகு மரியாதையாக.

சிஸ்டர் பேனாவைப் போட்டுவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

உள்ளே ரத்தம் கட்டியிருந்தது. அன்றே ஆபரேஷன். இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தால் ஆள் இல்லை என்றார் டாக்டர். நாத்தனார் அதற்கப்புறம் யாருக்கும் போன் செய்யவில்லை.

மூன்றாம் நாள், தலையில் கட்டோடு கண் விழித்தார். அதே சிஸ்டர் பேர் கேட்டாள்.

"எத்தனை தடவைம்மா சொல்றது? உங்களுக்கு வேற வேலையே இல்லையா?"

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சிஸ்டர் டிக் போடப் பேனாவை எடுத்தாள்.

"இருங்க சிஸ்டர்" என்றேன். "இன்னொரு தடவை கேளுங்க."