பினாங்குக் குழாய்

1

எழுத வராத ஒரு காலையில், உப்புப் படிந்த குளியலறைக் குழாயைத் தேய்க்கப் போனேன். இந்தக் கதை அங்கேதான் கையில் ஒட்டிக்கொண்டது.

முதல் தொடக்கம்: 'காரைக்குடி, 1968. மார்கழிப் பனியில் அந்தப் பெரிய வீடு...' (அடித்துவிட்டேன். குழாய்க் கதைக்குப் பனி எதற்கு?)

2

தேனம்மை கல்யாணமாகி வந்தபின் அந்த வீட்டில் முதல் படைப்பு. முன்னோருக்குப் படைத்துச் சாப்பிட, மறுநாள் பங்காளிகள் எல்லாரும் வருவார்கள்.

"கொழாயெல்லாம் புளி போட்டு வெளக்கிரு ஆத்தா" என்று சொல்லிவிட்டுப் போனார் மாமியார்.

பித்தளைக் குழாய்கள் சீக்கிரமே பளபளத்தன. வீட்டின் இரண்டாம் கட்டில் இருந்த வெள்ளைக் குழாயில்தான் உப்பு காரையாக இறுகியிருந்தது. மாமனார் பினாங்கிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்து மாட்டியது அது. தேனம்மை புளியோடு செங்கல் பொடியும் சேர்த்துத் தேய்த்தாள். உப்பு போனது. விட்டாளா? இன்னும் வெள்ளை தெரிகிறதே என்று மேலும் தேய்த்தாள். குழாயின் வெள்ளை மேல்பூச்சும் உரிந்து, உள்ளிருந்த மஞ்சள் பல்லை இளித்தது.

யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். நாளை மாமனாரும் வருகிறார். பொருளைக் கெடுத்த மருமகள் என்று பங்காளிகள் முன்னால் பெயர் வாங்கப்போகிறாள்.

(ஒரு குழாய்க்கா இவ்வளவு பயம் என்று எனக்கே சந்தேகம்தான். புது மருமகள், பயப்படட்டும்.)

வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை எடுத்துக் குழாய் முழுக்க அப்பினாள். அசல் பழைய உப்பு மாதிரியே இருந்தது. சாமர்த்தியத்தைப் பாருங்கள்!

3

மாமியார் வந்து தொட்டுப் பார்த்தார்.

"என்ன ஆத்தா, உப்பு ஈரமா ஒட்டுது?"

துணியால் துடைத்தார். மஞ்சள் மின்னியது.

"அயித்தை, தெரியாம..."

[இங்கே மாமியார் கத்துவதாக எழுதிப் பார்த்தேன். அவர் கத்த மறுத்துவிட்டார்.]

"அடி ஆத்தீ, பித்தளையா இது! தகரத்தக் கொண்டாந்து மாட்டிட்டாகளேன்னு பங்காளி வீட்டுப் பொம்பளைக முன்னாடி நான் கூசிப்போயில்ல கெடந்தேன்!"

தேனம்மைக்கு அப்பாடா என்றிருந்தது. எனக்கும்தான்.

"மாமா கேட்டாகன்னா என்ன சொல்லுவீக?"

"நாந்தேன் தேய்க்கச் சொன்னேன்னு சொல்லுவேன். நீ போயி மொகத்தக் கழுவு."

4

முடிவு ஒன்று: மாமனார் வந்து குழாயைப் பார்த்ததும்... (வேண்டாம். இப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்திருக்கிறது.)

முடிவு இரண்டு: மாமியார் திரும்பி வந்தார். "மாடியிலயும் வெள்ளையா ஒண்ணு இருக்கு ஆத்தா. அதையும் தேச்சிரு."

தேனம்மை சிரித்துக்கொண்டே புளியை ஊறவைத்துவிட்டாள். அந்தக் குழாய்க்குள் இருப்பது பித்தளையா, தகரமா? எனக்குத் தெரியாது. நான் இங்கேயே நிம்மதியாக உட்கார்ந்துகொள்கிறேன். செங்கல் பொடி அதோ இருக்கிறது, நீங்கள் தேய்த்துப் பாருங்கள்.