ஒற்றைத் தந்தி: ஒட்டுக்கேட்ட ஒரு வரலாறு

1

இந்தக் கதை எனக்குக் கழிவறையில் கிடைத்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் வேறு யாராவது சொன்னால் இன்னும் அசிங்கமாக இருக்கும்.

இங்கிலாந்தின் மீன்பிடித் துறைமுகமான கிரிம்ஸ்பியில் இருபத்துநாலு வருஷமாக இருக்கிறேன். செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு ஹிலரி ஸ்டாம்ப் என்ற அம்மாளிடம் பியானோ கற்கப் போகிறேன். அவருக்கு வயது அறுபத்தொன்பது, எனக்கு ஐம்பத்திரண்டு. இரண்டாம் கிரேடு தேர்வில் இரண்டு தடவை தோற்ற அவருடைய ஒரே மாணவன் நான்தான். மற்றவர்களுக்கெல்லாம் எட்டு வயது, முதல் தடவையே தேறிவிடுகிறார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் கழிவறைக்குள் நான் இருந்தபோது வாசல் கதவு படாரென்று திறந்தது. ஹிலரியின் தங்கை அவ்ரில் உள்ளே வந்து கத்த ஆரம்பித்தாள். இந்த மாதிரி நேரங்களில் வெளியே வருவதற்கென்று ஒரு கணம் உண்டு. அதை நான் தவறவிட்டேன். அதற்குப் பிறகு வந்தால், இதுவரை கேட்டுக்கொண்டிருந்தேன் என்று அர்த்தமாகிவிடும். பதினொரு நிமிஷம் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

என்ன கேட்டேன் என்பது ஐந்தாம் பகுதியில் வரும். நேராக அங்கே தாவலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் ஒரு பங்க் இசைக்குழுவின் வரலாறு தெரியாமல் அது விளங்காது.

2

தொடக்கம் ஒன்று: “1976. பிரிட்டனின் இளைஞர்கள் கோபத்தில் கொதித்துக்கொண்டிருந்தபோது—”

[அடித்துவிட்டேன். அவர்கள் எந்த வருஷம் கொதிக்கவில்லை?]

தொடக்கம் இரண்டு: “கடல் உறுமியது. அவ்ரிலின் நெஞ்சிலும் ஒரு—”

[கிரிம்ஸ்பியில் கடல் உறுமாது. பாதி நாள் சேறாகக் கிடக்கும்.]

தொடக்கம் மூன்று, இதுவே இருக்கட்டும்: நெவ் காப் ஐஸ் ஆலையில் வேலை பார்த்தான். இயந்திர இரைச்சலை மீறிக் கத்திக் கத்தி அவனுக்கு ஒரு குரல் வந்திருந்தது. லெஸ் மீன்பெட்டிகளைத் தட்டித் தட்டி டிரம்ஸ் கற்றவன். அவ்ரில் ஸ்டாம்புக்கு ஒன்றுமே தெரியாது, ஆனால் அவளிடம் ஒரு பேஸ் கிட்டார் இருந்தது. மூவரும் சேர்ந்தார்கள். குழுவின் பெயர் ‘த ஸ்கேல்ஸ்’.

(அந்தச் சொல்லுக்கு மீன் செதில் என்றும் பொருள், சுரவரிசை என்றும் பொருள். ஆங்கிலத்தில் நல்ல சிலேடை. தமிழில் விளக்கினால் செத்த மீன். நீங்கள் சிரித்துவிட்டதாக வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.)

மூன்று வருஷம் இருந்தார்கள். ஓர் இசைத்தட்டு போட்டார்கள், ‘ஞாயிற்றுக்கிழமை மீன் கிடையாது’ என்று. அதை யாரும் வாங்கவில்லை. ஆனால் 1978 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை மதியம் கப்பல் தொழிலாளர் மன்றத்தில் ஒரு கச்சேரி நடந்தது. சாயங்காலம் அங்கே பிங்கோ ஆட்டம் என்பதால் புரட்சி மூன்று மணிக்கே தொடங்கி ஐந்துக்குள் முடிய வேண்டியிருந்தது. யாரோ அதைக் கேசட்டில் பதிந்தார்கள். கேசட் நகலாகி, நகலின் நகலாகி ஊர் ஊராகப் போனது. அதில் பேஸ் கிட்டார் ஐம்பது நிமிஷமும் ஒரே தந்தியில், ஒரே சுரத்தில் டொம் டொம் டொம் என்று போகிறது. பாட்டு மாறினாலும் அது மாறுவதில்லை.

அதைக் கேட்டு லீட்ஸில் ஒரு குழு முளைத்தது. ஜெர்மனியின் டுசல்டார்ஃபில் ஒன்று. ஒசாகாவில் மூன்று பெண்கள் மற்ற தந்திகளைக் கழற்றி எறிந்துவிட்டு மேடை ஏறினார்கள். “சுருதி என்னும் அதிகாரத்தின் கன்னத்தில் விழுந்த அறை” என்று ஒரு விமர்சகர் எழுதினார்.

அறைந்தவள் என்று பெயர் வாங்கியவள் அவ்ரில்.

3

அன்று மதியம் அவ்ரில் வீட்டில் படுத்திருந்தாள். பொன்னுக்கு வீங்கி.

பத்தொன்பது வயதில் அது வந்தால் முகம் பூசணிக்காய் போல ஆகிவிடும். கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்னால் நெவ் வாசலில் வந்து நின்றான். அவ்ரிலின் முகத்தைப் பார்த்தான். பிறகு பின்னால் பியானோவில் உட்கார்ந்திருந்த ஹிலரியைப் பார்த்தான். “உங்க அக்காவுக்கும் விரல் இருக்குல்ல?” என்றான்.

ஹிலரி தங்கையின் தோல் சட்டையைப் போட்டு, கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனார். ஐந்தரைக்குத் திரும்பி வந்தார். சட்டையில் பீர் வாடை. “இதை யாருகிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு” என்று தங்கையிடம் கேட்டு வாங்கினார். பிறகு விட்ட இடத்திலிருந்து பியானோ வாசித்தார்.

வீக்கம் வடிந்து அவ்ரில் சந்தைக்குப் போனபோது முன்பின் தெரியாத ஒருவன் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தான். “அன்னிக்கு என்னா வாசிப்பு வாசிச்சே!” என்றான். அவ்ரில் “நன்றி” என்றாள்.

பொய் அவ்வளவுதான். ஒரே ஒரு சொல், அதுவும் மரியாதைச் சொல். அதற்குப் பின் அவள் செய்ததெல்லாம் மறுக்காமல் இருந்ததுதான். மீன் ஆலையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தாள். கல்யாணம் பண்ணினாள், பிரிந்தாள், முழங்கால் மாற்றிக்கொண்டாள். நடுநடுவே ஜெர்மனியிலிருந்து யாராவது வந்து அவள் வலது கையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள்.

(நெவ்வுக்கு உண்மை தெரியுமே என்று கேட்பீர்கள். தெரியும்தான். ஆனால் நெவ்வுக்குப் பொய் சொல்ல வராது. அதனால் பேட்டிகளில் நாலைந்து தடவை சொன்னதும் தானே நம்பிவிட்டான். லெஸ் ஆஸ்திரேலியா போய் ஆடு வளர்க்கிறான், யாரும் அவனைக் கேட்கவில்லை.)

4

இமோஜன் ஃபாரோ என்ற ஆய்வாளர் இந்த வருஷம் வந்தார். த ஸ்கேல்ஸ் பற்றிப் புத்தகம் எழுதுகிறார். பழைய மன்றம் இப்போது தரைவிரிப்புக் கடை, அதன் வாசலில் விழா எடுக்கவும் அவர்தான் ஏற்பாடு. விழாவில் அவ்ரில் அந்த ஒற்றைத் தந்தியை மறுபடி வாசிக்க வேண்டும்.

அவ்ரிலின் சமையலறையில் மடிக்கணினியைத் திறந்தார். “கேசட்டைச் சுத்தம் பண்ணியிருக்கேன். மூணாவது பாட்டுக்கும் நாலாவதுக்கும் நடுவுல ஒரு குரல். கேளுங்க.”

இரைச்சல். பாட்டில் உருளும் சத்தம். பிறகு, தெளிவாக, தேவாலயத்தில் அறிவிப்பு வாசிப்பது போன்ற ஒரு பெண்குரல்: “மன்னிக்கணும், தயவுசெய்து யாராவது இந்த கிட்டாருக்குச் சுருதி சேர்க்க முடியுமா?”

அவ்ரில் டீக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“இது நீங்கதானே?” என்றார் இமோஜன்.

“நான்தான்.”

“ஆனா குரல் வேற மாதிரி…”

“கிண்டலுக்குப் பேசினேன்.”

இமோஜனின் கண்கள் கலங்கிவிட்டன. “எனக்குத் தெரியும். பங்க் வரலாற்றிலேயே இதுக்கு மேல ஒரு நையாண்டி கிடையாது!” என்று எழுதிக்கொண்டார்.

அவர் போனபின் அவ்ரில் கோப்பைகளைக் கழுவினாள். இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தாள், சரி. இன்று முதல்தடவையாக வாயைத் திறந்து பொய் சொல்லியிருக்கிறாள். அதுவும் அக்காவின் குரலை வைத்து. கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

[இங்கே “அவள் இதயம் கனத்தது” என்று எழுதி அடித்தேன். கனத்தது வயிறு. பதற்றத்தில் பிளம் ரொட்டி அரை பாக்கெட் தின்றிருந்தாள்.]

5

ஒரு சங்கடம். தமிழில் தங்கை பேசினால் ‘அக்கா’ என்றுதான் வரும். ஒரு வரைவில் அப்படித்தான் எழுதினேன், அதற்கு ஹிலரி திரும்பியே பார்க்கவில்லை. இவர்கள் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். இன்னொன்று: ஹிலரிக்கு ‘ர்’ போடுகிறேன், அவ்ரிலுக்கு ‘ள்’ போடுகிறேன். தமிழில் இப்படி ஒரு வித்தியாசம் உண்டு என்று அவ்ரிலிடம் சொன்னேன். “எனக்கு மரியாதை எல்லாம் வேணாம் கண்ணு, அவளுக்கே போடு, ரொம்பப் பிடிக்கும்” என்றாள்.

இனி, கழிவறைக் கதவு வழியாக.

“அவ உன் குரலைக் கண்டுபிடிச்சுட்டா, ஹிலரி!”

“முதல்ல கோட்டைக் கழட்டு. தரையெல்லாம் ஈரம்.”

“கேசட்டுல பேசியிருக்கே நீ! ‘தயவுசெய்து சுருதி சேர்க்க முடியுமா’ன்னு. தயவுசெய்தாம்! பங்க் கச்சேரியில!”

“வேற எப்படிக் கேக்கிறது?”

“எதுக்கு அங்க போய் வாயைத் திறந்தே?”

“நீ அந்த கிட்டாரை நிலக்கரிக் கொட்டகையில போட்டு வச்சிருந்தே. மூணு திருகு துருப்பிடிச்சு அசையல. நாலுல ஒரே தந்திதான் சுருதியில இருந்துச்சு. அதைத் தொட்டேன். மத்ததைத் தொட எனக்குக் கை வரல. அவ்வளவுதான்.”

“அவ்வளவுதானா? அதுக்கு ஒசாகாவுல டாக்டர் பட்டம் வாங்கறாங்க!”

“வாங்கட்டும். நல்லா இருக்கட்டும்.”

நாற்காலி கிரீச்சிட்டது. எனக்குக் கால் மரத்துப்போயிருந்தது.

“சனிக்கிழமை நான் அதை வாசிக்கணுமாம்” என்றாள் அவ்ரில். குரல் இறங்கியிருந்தது.

“ஒரு தந்திதானே. நாலாம் வகுப்புப் பிள்ளை வாசிக்கும்.”

“நான் அதை நேர்ல கேட்டதே இல்ல, ஹிலரி. ஊரே கேட்டதா சொல்லுது. நான் மூஞ்சி வீங்கிப் படுத்துக் கிடந்தேன். நாப்பத்தாறு வருஷமா எவனெவனோ வந்து என் கையைப் பிடிச்சுக் குலுக்கறான். அது உன் கை.”

“அப்ப சொல்லிடேன்.”

“சொல்லக்கூடாதுன்னு நீதானே சத்தியம் வாங்கினே!”

“அது எழுபத்தெட்டுல. அப்ப நான் தேவாலயத்துல ஆர்கன் வாசிச்சுக்கிட்டிருந்தேன், போதகருக்குத் தெரிஞ்சா வேலை போயிருக்கும். போதகர் செத்து முப்பது வருஷம் ஆச்சு.”

“அப்புறம் ஏன் நீயே சொல்லல?”

ஹிலரி பியானோ மூடியை மூடினார். “நீ சந்தோஷமா இருந்தே” என்றார். “வேற எதுலயும் உன்னை அப்படிப் பார்த்ததில்ல.”

அவ்ரில் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. பிறகு ஹிலரி எழுந்தார்.

“டீ போடறேன். கழிவறையில என் மாணவர் ஒருத்தர் ரொம்ப நேரமா இருக்கார். அவருக்கும் சேர்த்துப் போடறேன்.”

6

முடிவு அ: விழாவில் அவ்ரில் வாசிக்கிறாள், கைதட்டல் எழுகிறது, ரகசியம் ரகசியமாகவே போகிறது. [யாருக்கும் நஷ்டமில்லைதான். ஆனால் பிளம் ரொட்டி தின்ற அந்த வயிற்றை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?]

முடிவு ஆ: அக்காளும் தங்கையும் மேடையில் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். [எதிரே மீன்கடை வரிசையில் தெரிந்தவர்கள் நிற்கும்போது கிரிம்ஸ்பிப் பெண்கள் கட்டிக்கொள்ள மாட்டார்கள்.]

நடந்தது இது. சனிக்கிழமை மதியம். தரைவிரிப்புக் கடை வாசலில் இருநூறு பேர், எல்லாருக்கும் நரைத்த தலை, எல்லாருக்கும் தோல் சட்டை, ஒருவருக்கும் பொத்தான் மாட்டவில்லை. வாடகைக்கு எடுத்த புது பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு அவ்ரில் மேடையில் மைக் முன் நின்றாள். 

“அன்னிக்கு வாசிச்சது நான் இல்ல” என்றாள்.

கூட்டம் ஓவென்று கத்தியது. விசில் பறந்தது.

“நிஜமாத்தான் சொல்றேன். எனக்குப் பொன்னுக்கு வீங்கி. நான் வீட்டுல இருந்தேன்.”

இன்னும் பெரிய கைதட்டல். “தன் புகழையே காறித் துப்பறாங்க பாருங்க!” என்று இமோஜன் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“அவ பொய் சொல்றா!” என்று நெவ் முன்வரிசையிலிருந்து எழுந்தான். எழுபத்தொரு வயதிலும் அதே குரல். “நான் பக்கத்துலயே நின்னேன்யா! எனக்குத் தெரியாதா?”

அவ்ரில் நெவ்வை முறைத்தாள். உண்மையைச் சொல்ல நாற்பத்தாறு வருஷம் பயந்தாள். நம்பமாட்டார்கள் என்று மட்டும் ஒரு நாளும் நினைத்ததில்லை.

அப்போது பின்வரிசையிலிருந்து ஹிலரி எழுந்து வந்தார். பழுப்பு ஸ்வெட்டர், கையில் பர்ஸ். பர்ஸை நெவ்விடம் “இதைப் பிடி” என்று கொடுத்தார். படியேறி, தங்கையின் தோளிலிருந்து கிட்டாரைக் கழற்றி மாட்டிக்கொண்டார். நாலு தந்தியையும் ஒவ்வொன்றாகத் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டார். நாலும் இம்மி பிசகாமல் சுருதியில் இருந்தன.

ஹிலரி முகம் சுளித்தார். பிறகு, வாழ்நாளில் எதையும் கெடுத்திராத அந்த விரல்களால், மூன்று திருகுகளைப் பிடித்துக் கன்னாபின்னாவென்று திருகினார். தந்திகள் ஊளையிட்டுத் தொங்கின. மிச்சமிருந்த ஒன்றைத் தொட்டார்.

டொம். டொம். டொம்.

கூட்டம் அடங்கியது. நெவ்வின் வாய் திறந்தபடி நின்றது. பர்ஸை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, “அட” என்றான். “கண்ணாடி போட்டிருந்தே நீ.” பிறகு அவனும் பர்ஸோடு மேடை ஏறிக் கத்த ஆரம்பித்தான்.

அவ்ரில் கீழே இறங்கி எங்கள் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். அந்த ஓசையை நேரில் முதல்தடவையாகக் கேட்கிறாள். முதலில் தலை ஆடியது. பிறகு தோள். பிறகு அறுபத்தாறு வயதில், மாற்றிவைத்த முழங்காலோடு, குதித்தாள். மறுபடி குதித்தாள். இறங்கும்போதெல்லாம் என் காலில் இறங்கினாள்.

இமோஜன் ஒலிப்பதிவுக் கருவியை அவள் வாயருகே நீட்டினார். “அப்ப என் புத்தகத்துல என்னன்னு எழுதறது? யார் பேரைப் போடறது?”

அவ்ரில் குதிப்பதை நிறுத்தாமல் ஏதோ சொன்னாள். கேட்கவில்லை. என் பக்கம் குனிந்து, என் காதுக்குள், மறுபடி கத்திச் சொன்னாள். கதையின் முடிவு அதுதான் என்று எனக்குத் தெரியும். ஒரு சொல்கூடக் காதில் விழவில்லை. அந்தக் காது திங்கட்கிழமை வரை இரைந்துகொண்டே இருந்தது. இமோஜனின் கருவியிலும் டொம் டொம்மைத் தவிர ஒன்றுமில்லை. செவ்வாய்க்கிழமை கேட்டால் “நான் என்ன சொன்னேன்? ஞாபகமே இல்ல கண்ணு” என்கிறாள் அவ்ரில். ஹிலரி என்னிடம் சுரவரிசையை ஒழுங்காக வாசிக்கச் சொல்கிறார்.

நானாக ஒன்றை எழுதி அவள் வாயில் வைக்கலாம். இந்த ஊர் அவள் வாயில் ஏற்கெனவே நிறைய வைத்துவிட்டது. ஆகவே இடம் விட்டிருக்கிறேன். அன்று அந்தக் கூட்டத்தில் நீங்கள் இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் நின்றிருந்தால், உங்களுக்குக் கேட்டிருந்தால், எழுதிக்கொள்ளுங்கள்.

அவ்ரில் சொன்னாள்: “