லாயலையும் சேர்த்த எடை

செத்து ஒன்பது மாதம் ஆகியும் லாயல் ஹெக்கர்ட் தன் பந்தயக் காரைவிட்டு இறங்கவில்லை என்பதை, கான்சஸ் மாநிலத்தில் அவன் ஊர்த் தானியக் கிடங்கின் எடைமேடைதான் முதலில் காட்டிக்கொடுத்தது. லாரிக்குப் பின்னால் காரை ஏற்றி இழுத்துவந்த திறந்த டிரெய்லர் காரணமில்லாமல் வாலை ஆட்டுகிறதே என்று அண்ணன் ஆரின் அதை மேடையில் ஏற்றிப் பார்த்தான். இருக்கவேண்டியதைவிட நூற்று எழுபத்திரண்டு பவுண்டு கூடுதல். லாயலின் எடை அது. கோதுமை லாரிகளைக் காக்கவைத்து மூன்று தடவை நிறுத்துப் பார்த்த எடைமேடைக்காரர் எம்மெட், "உன் தம்பி இன்னும் எறங்கலப்பா. அவன் என்னைக்கு உன் பேச்சக் கேட்டான்?" என்றார். ஆரின் சிரிக்கவில்லை.

கார் இருபத்திரண்டு அடி நீளம். கட்டைவிரல் பருமனான குழாய்களைப் பற்றவைத்த வெறும் எலும்புக்கூடு. ஓட்டுபவனின் இருக்கை பின்சக்கரங்களுக்கும் பின்னால். அதை டிரெய்லரில் கட்டும்போது பின்பக்கத்தை இறுக்கலாம், முன்பக்க பெல்ட்டில் மட்டும் இரண்டு விரல் நுழைய வேண்டும் என்பது லாயலின் கண்டிப்பு. போன ஜூனில் பந்தயத்துக்குப் போகும் வழியில், எதிரே வந்த மாட்டு லாரியின் காற்றில் காரின் மூக்கு குலுங்கியது. ஆரின் பதறி இறங்கி, முன்பெல்ட்டை அதன் பற்சக்கரத்தில் நாலு பல் கூடுதலாக இறுக்கினான். கார்மேல் உயிரையே வைத்திருந்தவன் அவன். குண்டும் குழியுமான இருநூறு மைல் ஓட்டத்தில் குழாய் ஒரு நகக்கனம் வளைந்தது. அன்று மாலை முழு வேகத்தில் கார் இடப்பக்கம் இழுத்துச் சுவரில் மோத, லாயலின் கழுத்து முறிந்தது. காருக்கு முன்சக்கரங்கள் மட்டும் போயின. டயர் வெடித்தது என்றார்கள் எல்லோரும். ஆரினும் அதையே சொன்னான். புதுச் சக்கரம் மாட்டினான், வண்ணம் பூசினான். குழாயைத் தொட்டால் வாய் திறக்க வேண்டியிருக்கும் என்று அதைத் தொடவில்லை.

லாயலின் மனைவி வெல்மா, காரை நெப்ராஸ்காவில் பெட்ரோல் பங்க் வைத்திருந்த டுவைட் என்பவனுக்கு விற்றாள். ஒப்படைக்க அவளும் ஆரினும் கிளம்பினார்கள். டிரெய்லர் ஆட, ஆரின் நிறுத்தி முன்பெல்ட்டை இறுக்கினான். அடுத்த ஊர் எடைமேடையில் கூடுதல் எடை இருநூறு ஆகியிருந்தது. மறுபடி இறுக்கினான், இருநூற்று நாற்பது. நெப்ராஸ்கா எல்லைக்கு முந்தைய பாலத்தில், டிரெய்லரின் பின்பாரம் அவர்கள் லாரியின் பின்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கியே விட்டது. ஆரின் லாரியை ஓரங்கட்டினான்.

"வெல்மா, டயர் வெடிக்கல. முன்பெல்ட்ட நான்தான் நாலு பல்லு கூட இறுக்கினேன். குழாய் வளைஞ்சுபோச்சு."

"எப்பத் தெரியும் உனக்கு?"

"அன்னைக்கே."

"அடப் பாவி! தெரிஞ்சுமா அந்த டுவைட்ட அதுல உக்காரவெக்கக் கெளம்பினே? அவனுக்கு ரெண்டு புள்ளைங்கடா!"

அவன் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். பிறகு இறங்கி, முன்பெல்ட்டைத் தளர்த்தித் தன் இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தாள். காலியாகத் தெரிந்த இருக்கையின் முன் வெகுநேரம் நின்று அழுதாள்.

"அவர் எடைக்குத் தக்க கார ஒரு அடி முன்ன தள்ளிக் கட்டு. வீட்டுக்குப் போலாம்" என்றாள்.

டிரெய்லர் அதன்பின் ஆடவில்லை. எம்மெட்டின் மேடை பழையபடி நூற்று எழுபத்திரண்டே காட்டியது. வெல்மா டுவைட்டின் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாள். ஆரினோடு பேசுவதை நிறுத்தினாள். ஆண்டுதோறும் மே மாத ஊர்வலத்துக்கு அவன் காரைக் கட்டுவான். அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் முன்பெல்ட்டில் இரண்டு விரலை நுழைத்துப் பார்த்துவிட்டு லாரியில் ஏறிக்கொள்வாள். இப்படிப் பதினாறு ஆண்டுகள். கடைசிவரை ஆரின் நூற்று எண்பத்தெட்டு பவுண்டு இருந்தான். அவன் இறந்த மறு மே மாதம் வெல்மாவே காரைக் கட்டி மேடையில் ஏற்றினாள். கூடுதல் எடை முந்நூற்று அறுபது என்றார் எம்மெட். அவள் இறங்கிப் போய், காரை இன்னும் ஓர் அடி முன்னால் தள்ளிக் கட்டினாள்.